கோவைக் குளங்களில் ஐப்பசி மாதப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பாதி கடந்ததும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: எந்தக் குளம், எத்தனை மணிக்கு, என்ன எடுத்துவர வேண்டும்? நொய்யலை ஒட்டிய கோவைக் குளங்களில் ஒரு முழு நாளைப் பறவைகளோடு கழிக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் ஏரிக்கும் இவற்றில் பல பொருந்தும்.

எந்த மாதம் நல்லது? டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாமா?

நிறையப் பறவைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் டிசம்பரும் ஜனவரியும்தான். ஆனால் அவை வந்து சேர்வதைப் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் போய்விட வேண்டும். சேற்றில் இரை கொத்தும் கரைப்பறவைகளான உள்ளான்கள் முந்திக்கொள்ளும். ஆகஸ்டிலேயே சில சேற்றில் இறங்கிவிடும். செப்டம்பரில் வாலாட்டிகளும் தகைவிலான்களும் வரும், அக்டோபரில் நீலச்சிறகிகள், அவற்றின் பின்னால் மற்ற வாத்துகள். போன ஞாயிற்றுக்கிழமை வெறும் மின்கம்பியாக இருந்த இடத்தில் இந்த ஞாயிறு தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மார்கழியில் போகிறவருக்கு இந்த மாற்றம் பார்க்கக் கிடைக்காது.

நமக்கு இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் இறங்கி நீர்நிலைகள் உறையத் தொடங்கும் அதே நாட்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்பிக்கொண்டிருக்கும். அங்கே இரை மூடப்படுகிறது, இங்கே திறக்கிறது. வலசைப் பறவைகளை இங்கே கொண்டுவருவது அதுதான்.

கோவையில் இத்தனை குளங்கள் எப்படி வந்தன? ஒரு நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் புறப்படும் நொய்யலின் குறுக்கே சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி அமைத்த குளச் சங்கிலி இது. மேற்கே நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, பேரூர், சுண்டக்காமுத்தூர். நகருக்குள் முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி. கிழக்கே வெள்ளலூர், சிங்காநல்லூர், பள்ளபாளையம், கண்ணம்பாளையம், சூலூர்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்ற நினைக்காதீர்கள். பைக்கில் இருக்கும் நேரம்தான் அதிகமாகும். மூன்று போதும். காலையில் சிங்காநல்லூர், வெயில் ஏறுவதற்குள் சூலூர், மாலையில் உக்கடம் அல்லது பேரூர்ப் பக்கம். சிங்காநல்லூர் குளத்தை மாநகராட்சி 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. திருச்சி சாலையிலிருந்து எளிதாகப் போகலாம், கரையில் மரங்களும் உண்டு. முதல் தடவை வருபவர்களை நான் அங்கேதான் அழைத்துப் போவேன்.

கரையில் எங்கே நிற்பது? தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிகின்றன.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் குளங்கள் கிண்ணம் போல இருப்பதில்லை. நிலம் சரியும் பக்கத்தில் மட்டும் மண்ணைக் கொட்டிக் கரை போட்டிருப்பார்கள். கரையை ஒட்டி ஆழம் அதிகம். எதிர்ப்பக்கம், வாய்க்கால் வந்து சேரும் உள்வாயில், தண்ணீர் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து, கணுக்கால் அளவாகி, சேறாகி, புல்லாகிவிடும். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை இந்தச் சரிவுதான் தீர்மானிக்கிறது. முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழம் வேண்டும். மேலே மிதந்தபடி தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துகளுக்கு அரை அடி, ஒரு அடி போதும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் தண்ணீரில் நிற்கும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு மட்டும் இருந்தால் போதும், அதன் கால் இரண்டு விரற்கடை கூட வராது. கரை மேல் நின்றுகொண்டே உள்ளான்களைத் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். சுற்றி நடந்து உள்வாய்ப் பக்கம் போக வேண்டும்.

அப்புறம் வெளிச்சம். கோவையில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் கரை பெரும்பாலும் கிழக்கை ஒட்டியே இருக்கும். காலையில் கரை மேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். தண்ணீரில் மிதக்கும் பறவை மேல் வெளிச்சம் நேராக விழும், அலகின் நிறம்கூடத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். அப்போது மேற்கே, உள்வாய்க்குப் போய்விடுங்கள். காலையில் கரை, மாலையில் உள்வாய். இதற்கு மேல் திட்டம் எதுவும் தேவையில்லை. எந்தக் குளத்துக்கும் போகும் முன் ஒருமுறை செயற்கைக்கோள் வரைபடத்தில் கரை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில குளங்களில் திசை மாறியிருக்கும்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? நாள் எப்படிப் போகும்?

அக்டோபரில் கோவையில் சூரியன் 6.10 வாக்கில் உதிக்கும். ஆறு மணிக்குள் கரையில் இருங்கள். இருட்டு பிரியும் நேரத்தில் இராக்கொக்குகள் 'குவாக்' என்று கத்திக்கொண்டு மரத்துக்குத் திரும்பும், உண்ணிக்கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிப் போகும். முதல் அரை மணி நேரம் நடக்காமல் ஒரே இடத்தில் நிற்பது நல்லது. வெளிச்சம் வந்த பிறகு பைனாகுலரை எடுத்து இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கூட்டத்தில் பெரும்பாலானவை நாமக்கோழிகளாக இருக்கும். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. அவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

மீன் பிடிப்பவர்கள் பரிசலில் போனால் எரிச்சல்பட வேண்டாம். பரிசல் நகரும்போது ஆகாயத்தாமரைக்குள் ஒளிந்திருந்தவை வெளியே வரும். மேலே மீசை ஆலாக்கள் வட்டமிட்டு, ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே சிறகடித்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒரு சிறு மீனைக் கொத்திக்கொண்டு எழும். கரைக்கு வந்ததும் அந்த அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மூலையில் வாத்து இறங்கியிருக்கிறது, தண்ணீர் போன வாரத்தை விட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு மேல் கானல் எழும்பும், தூரத்துப் பறவை நெளியும். அப்போது சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள். மூன்றரை மணிக்கு மேல் மறுபடி கிளம்பினால் ஆறு மணிக்கு இருட்டும் வரை நேரம் இருக்கிறது.

வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கின்றனவே? படத்தில் இருப்பது போல வண்ணமாக ஒன்றுகூட இல்லையே?

ஐப்பசியில் அப்படித்தான் இருக்கும். உங்கள் கண்ணில் குறை இல்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். சில வாரங்கள் பறக்கவே முடியாது. அந்தக் காலத்தில் பகட்டான நிறம் உயிருக்கு ஆபத்து என்பதால் பெட்டையைப் போன்ற மங்கலான உடைக்கு மாறிக்கொள்ளும். அதே உடையோடுதான் இங்கே வந்து இறங்குகின்றன. ஆண் நீலச்சிறகியின் கண் மேல் வரும் அந்த அழகான வெள்ளைப் பட்டையைப் பார்க்கத் தை, மாசி வரை பொறுக்க வேண்டும்.

இப்போதைக்கு நிறத்தை மறந்துவிட்டு உருவத்தைப் பாருங்கள். அகன்ற, நுனி விரிந்த அலகு, தலையைவிட நீளமாகத் தெரிந்தால் அது தட்டைவாயன். சில சமயம் ஐந்தாறு சேர்ந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும். அப்படிச் சுற்றும்போது அடியிலிருந்து மேலே கிளம்பும் நுண்ணுயிர்களை அலகின் ஓரச் சீப்பால் வடிகட்டித் தின்னும். மெலிந்த நீண்ட கழுத்தும் கூரான வாலும் இருந்தால் ஊசிவால் வாத்து. சின்ன உடம்பு, முகத்தில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள், அலகின் அடியில் ஒரு வெளிர் பொட்டு இருந்தால் நீலச்சிறகி. அது எழுந்து பறக்கும்போது ஆணின் இறக்கை முன்பகுதி இந்த மங்கல் உடையிலும் வெளிர் நீலச் சாம்பலாகப் பளிச்சிடும். அலகு நுனி மஞ்சளாக, கண்ணுக்கு முன்னால் சிவப்புப் பொட்டோடு ஒன்று இருக்கிறதா? அது இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்து.

நீளவால் இலைக்கோழிக்கும் இதே கதைதான். இந்தப் பருவத்தில் அதன் நீள வால் இருக்காது. கழுத்தோரத்து மஞ்சளையும், இலை மேல் பரவும் நீண்ட விரல்களையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

உள்ளான்களைப் பிரித்தறிய முடியவே இல்லை. ஏதாவது வழி உண்டா?

மூன்றோடு தொடங்குங்கள். கல் மேலோ மதகு ஓரத்திலோ தனியாக நின்று, உடம்பின் பின்பாதியை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தால் ஆற்று உள்ளான். மார்பின் வெள்ளை தோளுக்கு முன்னால் ஒரு ஆப்பு மாதிரி மேலே ஏறியிருக்கும். கிளப்பினால் தண்ணீரை ஒட்டியே விறைத்த இறக்கையோடு பறக்கும். முதுகெல்லாம் பொரி தூவியது போலப் புள்ளிகள், தெளிவான வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் நீண்ட கால்கள் என்றால் பொறி உள்ளான். முதுகு கருத்து, பறக்கும்போது வால் அடி பளீரென்று வெளுத்து, இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தால் கருப்பு உள்ளான். அது எழும்போதே உரக்கக் கத்தும்.

இந்த மூன்றும் பழகிவிட்டால் மற்றவை தானாக விலகித் தெரியும். உங்களிடம் நேரம் இருந்தால் கொசு உள்ளானை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். எடை 25 கிராம் வாக்கில்தான், சிட்டுக்குருவி அளவு. ஆர்க்டிக் பனிவெளியில் முட்டையிலிருந்து வெளிவந்து நமது சாக்கடை கலந்த சேற்றில் தையல் இயந்திர ஊசி வேகத்தில் கொத்திக்கொண்டிருக்கிறது. உள்ளான்களில் பலவற்றில் பெரியவை முதலில் கிளம்பிவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால் தாங்களாகவே வழி கண்டு வரும். நீங்கள் பார்ப்பது அப்படி ஒன்றாக இருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேற்றின் மேல் ஒரு மரியாதை வருகிறது.

கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன என்று செய்தியில் சொல்கிறார்களே?

இல்லை. ஆண்டுதோறும் யாராவது இதைச் சொல்கிறார்கள், ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருக்கிறது. நம் குளங்களில் கூட்டமாகத் தெரியும் புள்ளி அலகுக் கூழைக்கடா இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளின் பறவை. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டுகிறது. மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைக்குத்தி நாரையும் அப்படியே. தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி ஊர்விட்டு ஊர் போகுமே தவிர, கடல் தாண்டி வருபவை அல்ல. சுலபமாக நினைவில் வைக்க ஒரு வழி: இங்கே மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பெரிய நீர்ப்பறவைகள் நம் நாட்டுப் பறவைகள். தூரத்திலிருந்து வலசை வரும் வாத்தும் உள்ளானும் இங்கே முட்டையிடுவதில்லை, தின்று கொழுத்துத் திரும்பிப் போகும்.

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வெளியூர் விருந்தாளி என்றால் இங்கே இல்லாவிட்டாலும் வேறு வீடு உண்டு என்று விட்டுவிடலாம். கூழைக்கடாவுக்கு வீடே இதுதான்.

நத்தைக்குத்தி அருகில் மேய்ந்தால் அவசரப்படாமல் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். தண்ணீருக்குள் அலகை விட்டு நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமலே கூரிய நுனியால் தசையை அறுத்து, உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுக்கும். கரையோரத்தில் முழு ஓடுகள் காலியாகக் கிடந்தால் அங்கே அது சாப்பிட்டிருக்கலாம்.

நல்ல மழை பெய்த மறுவாரம் போனேன். பறவையே இல்லை. ஏன்?

தண்ணீர் ஏறிவிட்டது, அவ்வளவுதான். உள்வாய்ச் சேறு மூழ்கினால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. ஊரெல்லாம் குட்டைகளும் வயல்களும் நிரம்பியிருப்பதால் பறவைகள் பரவிப் போயிருக்கும். அப்படிப்பட்ட வாரத்தில் பெரிய குளத்தை விட்டுவிட்டுச் சின்னக் குட்டை, உழுத வயல், வாய்க்கால் ஓரம் என்று பாருங்கள். சங்கிலியில் எல்லாக் குளமும் ஒரே நாளில் நிரம்புவதில்லை. தண்ணீர் இன்னும் முழுதாக வந்து சேராத குளத்தில்தான் சேறு மிச்சமிருக்கும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது போகலாமா என்றால், தூறல் பரவாயில்லை, இடி மின்னல் இருந்தால் திறந்த கரையில் நிற்கவே கூடாது.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8x42. இதில் 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10x42 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். குளத்துக்கு மட்டும்தான் என்றால் 10 பரவாயில்லை. 20x, 30x என்று போட்டு மலிவாக விற்பதை வாங்காதீர்கள். முதல் நாளே வாங்க வேண்டும் என்றும் இல்லை. யாராவது கொண்டுவந்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள்.

செல்போன் செயலி சொல்லும் பெயரை நம்பலாமா?

மெர்லின் செயலி நல்ல துணை. குரலைக் கேட்டு அது பெயர் சொன்னால், அந்தப் பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாலை இரைச்சல் உள்ள இடத்தில் அது தடுமாறும். பார்த்ததை இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்வதை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். அரிய பறவை மட்டும் அல்ல, பத்து நாமக்கோழி என்றாலும் எண்ணிப் போடுங்கள். ஒரு குளம் மெல்ல மெல்லக் காலியாவது எண்ணிக்கை இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அக்டோபரில் உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணும் நிகழ்வும் 2018 முதல் நடக்கிறது, தொடங்குவதற்கு நல்ல நாள்.

படம் எடுக்க எவ்வளவு அருகில் போகலாம்?

பறவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அதுதான் எல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை இழந்த கொழுப்பை இந்த வாரங்களில்தான் மீட்கிறது. ஒரு படத்துக்காகக் கல் எறிந்து கூட்டத்தைக் கிளப்புபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் கூட்டம் தானாகவே கிளம்பும். கொஞ்சம் காத்திருந்தால் அந்தப் படம் கிடைக்கும். ட்ரோன் வேண்டாம். குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? பாதுகாப்பு எப்படி?

தாராளமாக. இரண்டு மணி நேரம் போதும், தின்பண்டம் அவசியம். நீலத் தாழைக்கோழி ஒரு தண்டைப் பிடுங்கிக் காலால் பிடித்துக்கொண்டு கடிப்பதைக் காட்டினால் எந்தக் குழந்தையும் நின்று பார்க்கும். உள்வாய்ச் சேற்றில் மட்டும் இறங்கவிடாதீர்கள், மேலே காய்ந்தது போல இருந்தாலும் கீழே கால் புதையும். விடியற்காலையில் கரைகளில் நாய்க்கூட்டம் இருக்கும், பாம்பும் உண்டு. மூடிய காலணி, குடை, இரண்டு மூன்று பேராகப் போவது, இவை போதும்.

கரையில் கல் பதித்து நடைபாதை போட்டால் குளம் அழகாகத்தானே இருக்கிறது?

நடக்க இடம் கிடைப்பது நல்லதுதான், குளத்துக்கு மக்கள் வருவதும் நல்லதுதான். ஆனால் நடைபாதை கரையோடு நிற்க வேண்டும். குளத்தைச் சுற்றிலும் மண்ணைக் கொட்டி, செங்குத்தாகக் கல் பதித்து, உள்வாய்ச் சரிவையும் வெட்டி ஆழப்படுத்திவிட்டால், மேலே சொன்ன அரை அடித் தண்ணீரும் சேறும் போய்விடும். தண்ணீர் அதே அளவு இருக்கும், நீர்க்காகம் இருக்கும், உள்ளான் இருக்காது, வாத்துகளில் பல இருக்காது. தூர்வார வேண்டுமென்றால் கரைப் பக்கம் வாரட்டும், உள்வாயை விட்டுவைக்கட்டும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். குளம் முழுக்க மூடினால் கேடு, கழிவுநீர் வரும் வரை அது திரும்பத் திரும்ப வளரும். ஆனால் ஓரத்துச் சம்பங்கோரையையும் நாணலையும் அதோடு சேர்த்து வழித்தெடுத்தால் கானாங்கோழிக்கு ஒளிய இடமில்லை. உங்கள் குளத்தில் வேலை நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் பதிவுகளோடு போய்ப் பேசுங்கள். வெள்ளலூர் குளத்துக்கு வரும் வாய்க்காலைத் தன்னார்வலர்கள் இறங்கிச் சீர்செய்த பிறகுதான் அங்கே மறுபடி தண்ணீர் வந்தது. பேசினால், இறங்கினால் நடக்கிறது.

கரையோரம் கண்ணி, வலை பார்த்தால் என்ன செய்வது?

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இடத்தைப் படமெடுத்து, செல்போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வைத்தவரோடு தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். மீன்வலை வேறு, பறவை வலை வேறு. குச்சிகளுக்கு நடுவே நிலத்துக்கு மேலே மெல்லிய நூலால் கட்டியிருந்தால் அது பறவைக்கு வைத்தது. சந்தேகம் இருந்தால் முதலில் பரிசல்காரரைக் கேளுங்கள், அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.